பாபநாசத்தில் நின்று அழுதவன்

மூலமே மேல், மற்றதெல்லாம் நிழல் என்று வாதிடும் கட்சியில் நான் வெகுகாலம் இருந்தேன். அந்தக் கட்சியில் சேரப் பெரிய தகுதி எதுவும் வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவரைவிட ஓராண்டு முன்னதாகப் படத்தைப் பார்த்திருந்தால் போதும். 2013 டிசம்பரில் 'த்ருஷ்யம்' வெளிவந்தபோது நான் திருவனந்தபுரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அரைகுறை மலையாளத்தை வைத்துக்கொண்டு இரண்டு முறை பார்த்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் அதைப் பற்றிப் பேசி, கேட்பவர்கள் பார்க்காத ஒரு படத்தின் மேதையாக ஓராண்டுக்கு மேல் உலவினேன். ஆகவே 2015 ஜூலையில் அதே கதை 'பாபநாசம்' என்று எங்கள் ஆற்றங்கரை ஊரின் பெயரைத் தாங்கித் தமிழில் வந்தபோது, எனக்கு மகிழ்ச்சியைவிட, கைப்பொருளைப் பங்கு போடச் சொன்ன எரிச்சலே மிகுதியாக இருந்தது.

அத்தையை அழைத்துக்கொண்டுதான் அந்தப் படத்துக்குப் போனேன். அத்தை என் தகப்பனாரின் மூத்த சகோதரி, விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கிறாள். மாமா அங்கே பஞ்சாலையில் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் காலமானவர். அதற்குப் பிறகு அத்தை திரையரங்கின் பக்கமே போனதில்லை. 'நம்ம ஊரு பேருல படமாம்லா' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு காரணத்துக்காகத் திருநெல்வேலி வரைக்கும் பேருந்தில் வரச் சம்மதித்தாள்.

இருட்டில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது ஒரு படமன்று, இரண்டு படம். திரையில் ஒன்று, தலைக்குள் ஒன்று. இங்கே கமல் நின்றால் அங்கே மோகன்லால் எப்படி நின்றார் என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அத்தைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு 'வே'க்கும் சிரித்தாள். சில இடங்களில் பேச்சு நெல்லையைத் தாண்டி நாகர்கோவில் பக்கம் போய்விடுகிறது என்று முகத்தைச் சுளித்தாள். கடைசிக் காட்சியில், கமலின் சுயம்புலிங்கம் தன் குடும்பத்தின் கையால் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரின் முன்னால் உடைந்து அழுதபோது என்னையறியாமல் 'ச்சு' என்று ஒலி எழுப்பினேன். மலையாளத்தில் அந்த மனிதன் உடைவதில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லுகிறான், மன்னிப்பையும் தன் முறையில் கேட்கிறான், ஆனால் முகம் கலங்குவதற்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிடுகிறது. நான் இரண்டு முறை காசு கொடுத்தது அந்த ஒரு விரற்கடைக்காகத்தான். அத்தையோ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பேருந்தில் சுத்தமல்லி தொடங்கிச் சேரன்மகாதேவி வரைக்கும் அவளுக்கு நடிப்பைப் பற்றி வகுப்பெடுத்தேன். அடக்கம் என்பது என்ன, ஒரு நடிகர் அழாமல் பார்ப்பவரை அழவைப்பது எவ்வளவு அரிது என்றெல்லாம் சொன்னேன். அவள் சன்னல் கம்பியில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டே வந்தாள். கல்லிடைக்குறிச்சியில் பேருந்து நின்றபோதுதான் வாய் திறந்தாள்: "யய்யா, நீ சொல்லுத ஆளு நல்ல நடிகனாத்தான் இருப்பான். ஆனா அவன் அழாம எந்திரிச்சுப் போனாம்னா, படத்துக்கு எதுக்குல பாவநாசம்னு பேரு? வேற ஊருப் பேர வச்சிருக்கலாம்லா."

பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டுப் படுத்த பிறகும் தெரியவில்லை.

தளத்துக்கு அடியில்

பாபநாசம் என்ற பெயரை அத்தை ஊர்ப்பெயராக மட்டும் சொல்லுகிறவள் அல்லள். பொதிகையிலிருந்து இறங்கும் தாமிரபரணி சமவெளியைத் தொடும் இடம் அது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் பாபநாசநாதர் கோயிலின் முன்னுள்ள படித்துறையில் கால் வைக்க இடமிருக்காது. தர்ப்பணம் செய்து முங்கி எழுந்தவர்கள், உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போகும் ஒரு பழக்கம் உண்டு. பாவமும் துணியோடு போய்விடும் என்பது நம்பிக்கை. துணி போவதில்லை. கரை ஓரத்துப் பாறை இடுக்குகளில் வேட்டியும் சேலையும் பாசி பிடித்துச் சுற்றிக்கிடக்கும். குளிக்க இறங்கும்போது காலில் சிக்கும். அத்தை அதைக் குச்சியால் இழுத்துக் கரையில் போட்டுவிட்டு, எவன் பாவமோ என்று முணுமுணுத்தபடி குளிப்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அந்தக் கரையில் பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு, பெரிய பாவம் ஒன்றைச் சுமந்துகொண்டு ஒருவன் பாபநாசத்தில் நிமிர்ந்தே நிற்பது நம்பக்கூடியதாக இல்லை.

மலையாளத்து நாயகனான, இடுக்கி மாவட்டத்து ராஜாக்காட்டு ஜார்ஜ்குட்டிக்கு அவ்விதச் சுமை ஊர்ப்பெயரில் இல்லை. அங்கே கதை வேறொரு தர்க்கத்தில் நிற்கிறது. அந்தப் பிள்ளையின் பிணம் புதிதாகக் கட்டப்படும் காவல் நிலையத்தின் தளத்துக்கு அடியில் இருக்கிறது. அப்படியானால் அவனுடைய முகமும் ஒரு தளமாகத்தான் இருக்கவேண்டும், ஒரு கீறல்கூட விழக்கூடாது. மோகன்லால் அந்தத் தளத்தைப் போட்டுக் காட்டினார். இதை இன்றைக்கும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அதே தளம் பாபநாசத்தில் விரிசல் விட்டே ஆகவேண்டும் என்று அத்தை சொன்னபோது, அதுவரை ஒப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு நான் எதை எதோடு ஒப்பிடுகிறேன் என்ற ஐயம் முதன்முதலாக வந்தது.

இரண்டு படங்களையும் இயக்கியவர் ஜீத்து ஜோசப்தான். காட்சிகளின் அடுக்கு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. மாறியது பெரும்பாலும் வாய்தான். ஜெயமோகன் எழுதிய வசனம் நெல்லைத் தமிழில் வந்தது. இந்தப் பேச்சைத் திரையில் கேட்டால் அடுத்து ஒரு நகைச்சுவையோ ஓர் அரிவாளோ வரும் என்று நாங்கள் பழகியிருந்தோம். இங்கோ ஒரு குடும்பம் அதில் பொய் சொல்லப் பயிற்சி எடுக்கிறது. அப்பன் சொல்லிக்கொடுக்க, மனைவியும் இரண்டு பெண்களும் ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்கிறார்கள். வீட்டுப் பேச்சில் சொல்லப்படும் பொய், படிப்பாளித் தமிழில் சொல்லப்படும் உண்மையைவிட நம்பும்படியாக இருக்கிறது என்பதை நான் அங்கே கேட்டேன். மலையாளத்தில் எனக்கு இது கேட்கவில்லை. அது என் காதின் குறையாகவும் இருக்கலாம்.

சந்திரமுகியின் தாய்மொழி

இதைத் தொடர்ந்து எனக்குள் வேறொரு பேய் கிளம்பியது. 1993-இல் பாசில் இயக்கிய 'மணிச்சித்திரதாழ்' படத்தில் கங்கா என்ற மலையாளப் பெண்ணைப் பிடித்துக்கொள்வது நாகவல்லி, தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ் நடனக்காரி. ஷோபனா திடீரென்று தமிழில் சீறும்போது மலையாளப் பார்வையாளர்களுக்கு முதுகு சில்லிட்டது, அது அவர்களுக்குப் பாதி புரிகிற அயல்மொழி என்பதால். பக்கத்து வீட்டு மொழிதான் பேய்க்குச் சரியானது. முற்றிலும் புரியாத மொழி வெறும் சத்தம், முற்றிலும் புரிந்த மொழி வெறும் பேச்சு. இந்தக் கதையைத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர் என்ன செய்வார்? தமிழ்ப் பெண் தமிழ் பேசினால் பேய் எங்கே இருக்கிறது?

பி. வாசு இந்தக் கதையை முதலில் 2004-இல் கன்னடத்தில் எடுத்தார், மறு ஆண்டு 'சந்திரமுகி'யாகத் தமிழில் எடுத்தார். இரண்டிலும் நடனக்காரி தெலுங்கு பேசினாள். இந்தியில் பிரியதர்ஷன் எடுத்தபோது வங்காளம் பேசினாள். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, ரஜினியின் 'சந்திரமுகி' தெலுங்குக்கு மொழிமாற்றாகப் போனபோது நடந்ததுதான்: அங்கே 'ரா ரா' எடுபடாது என்பதால் அவள் மறுபடியும் தமிழுக்குத் திரும்பி 'வாராய்' என்று பாடினாள். ஒவ்வோர் எல்லையைத் தாண்டும்போதும் அந்தப் பெண் பக்கத்து ஊர் மொழியைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. ஜோதிகாவின் கண்களைப் பற்றி இருவேறு கருத்து இருக்கலாம், ஷோபனாவின் நடனத்துக்கு அவர் ஈடில்லை என்று நானே சொல்லுவேன். ஆனால் 'ரா ரா' என்ற அந்த இரண்டெழுத்து அழைப்பு மூலத்தின் நகல் இல்லை. மூலத்தில் இருந்ததை அப்படியே வைத்துக்கொள்ள வழியில்லாமல் போனதால் கிடைத்த சொல் அது.

அதே படத்தில் வழியிருந்தும் சேர்த்தவையும் இருக்கின்றன. மலையாளத்தில் மனநல மருத்துவர் கதைக்குள் வெகுநேரம் கழித்துத்தான் நுழைகிறார், அதுவும் ஏறக்குறைய ஒரு கோமாளியைப் போல. தமிழில் ரஜினி தொடக்கத்திலேயே சண்டையோடு வந்துவிட்டார். பேய் ஏற்கெனவே தோற்றுவிட்டது என்று முதல் சுருளிலேயே தெரிந்துபோகிறது. வேறு வழியில்லாமல் மாற்றிய இடத்தில் படம் புதிதாகப் பிறந்தது, மெருகேற்றுகிறோம் என்று மாற்றிய இடத்தில் சதை போட்டது என்பது என் கணக்கு. அந்தச் சதைக்காகத்தான் கூட்டம் மாதக்கணக்கில் வந்தது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

காருகுறிச்சியைத் தாண்டும்போது

பாட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. அத்தை வீட்டுக்குப் போகும் பேருந்து சேரன்மகாதேவியை விட்டதும் காருகுறிச்சியைக் கடக்கும். நாகசுர வித்துவான் அருணாசலத்தின் ஊர். 'கொஞ்சும் சலங்கை' படத்துக்காக எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசையில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்த 'சிங்கார வேலனே தேவா' வெளிவந்தது 1962-இல். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்து நாகசுரக்காரர் எவரும் அந்தப் பாட்டிலிருந்து தப்பியதில்லை. கல்யாண வீடானாலும் கோயில் கொடையானாலும் எப்படியும் ஒரு சீட்டு வந்துவிடும்.

வீரவநல்லூரில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றில் இதைக் கிட்டத்தில் பார்த்தேன். வித்துவானுக்கு ஐம்பது வயதிருக்கும். சீட்டு வந்தது, வாசித்தார். ஸ்வரம் தொடங்கும் இடத்தில் ஆபேரி ராகத்தின் ஒரு பிடியில் நின்று, இசைத்தட்டில் இல்லாத ஒரு வளைவு வளைந்தார். முன் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கையை உயர்த்தி, "அண்ணாச்சி, அந்த இடம் அப்படி வராதே" என்றார். வித்துவான் கண்ணால் சிரித்துவிட்டு, இசைத்தட்டின் வழிக்குத் திரும்பி அட்சரம் பிசகாமல் முடித்தார். பெரியவருக்குத் திருப்தி. பிறகு பந்திக்குக் கூட்டம் போனதும், சீவாளியைக் கழற்றி வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். "சொந்தமா வாசிச்சா தப்புங்காங்க. அப்படியே வாசிச்சா ரெக்கார்டுல்லா கேக்கோம்ங்காங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை, வெயிலைப் பற்றிச் சொல்லுவதுபோலச் சொன்னார். அதன்பின் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் பாட்டு எதுவும் இல்லாமல் ஆபேரியை மட்டும் வாசித்தார். அது மூலத்தைவிட மேல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் காருகுறிச்சியார் உயிரோடிருந்து அந்தப் பந்தலில் வாசித்திருந்தால், 1962-இன் ஆபேரியை அச்சடித்தாற்போல வாசித்திருக்க மாட்டார் என்பது மட்டும் உறுதி. ஒரு நாள் வாசிப்பு பதிவாகிவிட்டதால் அது மூலமாகிவிட்டது. மற்ற நாட்களின் ஆபேரி காற்றோடு போயிற்று.

அம்மா அடுப்படியில் பாடும் 'காற்றினிலே வரும் கீதம்' எனக்கு மூலங்களுக்கெல்லாம் மூலமாக இருந்தது. 1945-இன் 'மீரா'வில் கல்கியின் வரிகளை எஸ். வி. வெங்கட்ராமன் இசையில் எம். எஸ். பாடியது. அதன் மெட்டு, கமல் தாஸ்குப்தா இசையமைத்த ஓர் இந்திப் பாடலிலிருந்து வந்தது என்று பின்னாளில் அறிந்தபோது, கட்சிக் கட்டுப்பாட்டின்படி அந்த இந்திப் பாடலைத் தேடிக் கேட்டேன். கேட்டவுடன் எனக்குத் தோன்றியது வெட்கக்கேடானது: இது யாரோ நம் பாட்டைப் பார்த்துப் பாடியதுபோல இருக்கிறதே என்று தோன்றியது. பாடியவரின் குரலில் குறையேதும் இல்லை. அம்மாவின் தாளிப்புச் சத்தம் அதில் இல்லை, அவ்வளவுதான். திருவனந்தபுரத்தில் முதலில் பார்த்துவிட்ட ஒரே காரணத்துக்காகத்தான் நான் மோகன்லாலின் வக்கீலானேனோ என்ற சந்தேகம் அன்று தொடங்கியது.

இரண்டு விதமாகச் சொல்லித் தந்த ஆசான்

இவ்வளவில் அத்தையின் கட்சியில் நான் முழுதாகச் சேர்ந்திருப்பேன். ஊருக்கு ஏற்றபடி மாறும்போது கதை உயர்கிறது என்று ஒரு வாக்கியத்தில் முடித்திருப்பேன். அதைக் கெடுத்தது அவள் ஊர்ப்பக்கத்துக் கதையேதான்.

பாபநாசத்துக்கு மேலே, காரையாறு போகும் காட்டுவழியில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. அங்கே பட்டவராயனுக்குக் காணிக்கை செருப்பு. புதுத் தோல்செருப்பு சோடி சோடியாகத் தொங்கும். பட்டவராயன் இரவில் அவற்றை அணிந்து நடப்பதால் தேய்ந்துவிடுகின்றன என்பார்கள். அவன் முத்துப்பட்டன் என்ற பிராமணன். காட்டில் பாட்டுக் கேட்டுப் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள் இருவர்மேல் ஆசைகொண்டு, அவர்களின் தகப்பன் வாலப்பகடை விதித்தபடி குடுமியையும் பூணூலையும் அறுத்து, தோல் பதனிட்டுச் செருப்புத் தைத்து, அவர்களை மணந்தவன். மணந்த கையோடு, மாமனாரின் மாடுகளைக் கவர வந்தவர்களோடு பொருது மாண்டான். பெண்கள் உடன்கட்டை ஏறினார்கள். தென்பாண்டி நாட்டுக் கொடைகளில் வில்லுப்பாட்டாக இது பாடப்படுகிறது.

பாடப்படும் கதையில் ஒரு முடிச்சு உண்டு. அந்த இரண்டு பெண்களும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் விடப்பட்டு வாலப்பகடையால் வளர்க்கப்பட்டவர்கள் என்று ஒரு பிறப்புக் கதை வரும். பேராசிரியர் நா. வானமாமலை இதைப் பதிப்பித்தபோது, அந்தப் பிறப்புக் கதை மேல்சாதியினரின் மனம் கோணாதிருக்கப் பிற்காலத்தில் ஒட்டப்பட்டது என்று கருதினார். அதாவது, நான் பேசிக்கொண்டிருக்கும் பொருளில் இதுவும் ஒரு மறு ஆக்கம். ஒரு கொடையில் நள்ளிரவுக்கு மேல் வில்லை இறக்கிவைத்துவிட்டுச் சுக்குக்காப்பி குடித்துக்கொண்டிருந்த புலவரிடம், எது சரியான கதை என்று கேட்டேன். வீசுகோலைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "எங்க ஆசான் ரெண்டு விதமாவும் சொல்லித் தந்தாரு தம்பி. எந்த ஊர்ல எதப் பாடணும்னும் சேத்துத்தான் சொல்லித் தந்தாரு." நான் அடுத்த கேள்வியைத் தொடங்கும்முன், "சில ஊர்ல மாத்திப் பாடுனா கொடை முடியாது" என்றார்.

இதுவும் ஊருக்கு ஏற்ற மாற்றம்தான், கட்டாயத்தால் வந்த மாற்றமும்தான். ஆனாலும் கதை இதனால் சிறுத்துப்போயிற்று என்றே நான் கருதுகிறேன். பூணூலை அறுத்தவனின் துணிச்சலில் பாதியை அந்தப் பிறப்புக் கதை பிடுங்கிக்கொள்கிறது. செருப்புத் தைத்ததெல்லாம் ஒரு தவறான புரிதலால் என்பதுபோல ஆகிவிடுகிறது. கேட்பவரின் மடியில் இருந்த கனத்தை இறக்கிவைத்துவிடுகிறது. இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால் எனக்குச் சங்கடம். சுயம்புலிங்கத்தின் கண்ணீரும் அதைத்தானே செய்கிறது? அவன் அழுததும் நாம் மன்னித்துவிடுகிறோம், கண்ணைத் துடைத்துக்கொண்டு பேருந்து ஏறுகிறோம். 2019-இல் வந்த சீனப் பதிப்பு இன்னும் ஒரு படி போய், நாயகனைத் தானாகவே சரணடைய வைத்துக் கனம் முழுவதையும் இறக்கிவிட்டது. இறக்கிவைக்க இடம் தராமல் நம்மை வீட்டுக்கு அனுப்பியவர் மோகன்லால் ஒருவர்தான். சுற்றிச் சுற்றி நான் பழைய கட்சி அலுவலகத்தின் வாசலிலேயே வந்து நிற்கிறேன்.

சென்ற தை அமாவாசைக்கு விக்கிரமசிங்கபுரம் போயிருந்தபோது, இந்த வழக்கை முடித்துவிடும் எண்ணத்தோடு மடிக்கணினியில் 'த்ருஷ்ய'த்தை ஏற்றிக்கொண்டு போனேன். அத்தைக்கு இப்போது கண்புரை அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது. மொழி தெரியாதே என்றேன். தெரியாத கதையா என்றாள். கால் நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு முழுவதையும் பார்த்தாள். இடையில் ஒரு முறை எழுந்து போய்க் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள், அவ்வளவுதான். கடைசிக் காட்சி வந்தது. மோகன்லால் பேசினார், நிறுத்தினார், அந்த ஒரு விரற்கடைக்கு முன்னால் நின்றார். நான் திரையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவனும் அழுவாம்ல" என்றாள். "வீட்டுக்குப் போயி அழுவான்."

வெற்றி எனக்கா அவளுக்கா என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கையில், படத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளச் சொன்னாள். தள்ளினேன். எதிரே நின்ற தாயின் முகம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தாள். அது ஆஷா சரத். தமிழிலும் அவர்தான் அந்தத் தாய்.

"நம்ம படத்துலயும் இவதானல?"

"ஆமா அத்தே."

"பாவம், இவளுக்கு ரெண்டு ஊர்லயும் பிள்ள போச்சுல்லா" என்றாள்.